ஊர்ப் பெயர் உணர்த்தும் பூகோளம்

பிரிட்டன் தீவின் மேற்குப் பகுதியிலுள்ள வேல்ஸ் நாட்டின் தேசப்படத்தை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். வாயில் நுழையாத நீண்ட பெயர்கள் பல தோன்றும். அவற்றைக் கண்டு மலைக்க வேண்டுவதில்லை. வேல்ஸ் மொழிச் சொற்கள் ஏழெட்டை அறிந்துகொண்டால், அப்பெயர்களே நிலத்தின் இயல்பை நமக்கு எடுத்துரைக்கும்.

'அபர்' என்பது ஓர் ஆறு கடலிலோ வேறோர் ஆற்றிலோ கலக்கும் இடம். ஆகவே, 'அபரிஸ்ட்வித்' என்னும் ஊர் இஸ்ட்வித் ஆற்றின் முகத்துவாரம். 'அபர்டாவே' டாவே ஆற்றின் முகத்துவாரம். பின்னதை ஆங்கிலத்தில் ஸ்வான்சி என்பர். அப்பெயரில் ஆறு மறைந்துவிடுகிறது.

'லான்' என்பது தேவாலயம். மேரி அன்னையின் பெயர் அம்மொழியில் 'மைர்'. இரண்டும் சேர்ந்தால் 'லான்வைர்' ஆகும். நம் மொழியில் சொற்கள் புணரும்போது எழுத்துத் திரிவது போல, அங்கே வருசொல்லின் முதலெழுத்துத் திரிகிறது. இதனை அறியாதவர் அகராதியில் 'வைர்' என்று தேடி ஏமாறுவர்.

'கயர்' என்றால் கோட்டை. 'கயர்நார்வன்' என்பதன் பொருள், மோன் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள கோட்டை என்பதாம். அவ்வூரில் முதலாம் எட்வர்டு மன்னன் 1283இல் கட்டத் தொடங்கிய பெருங்கோட்டை நிற்கிறது. ஆயினும், பெயர் குறிப்பது அதனையன்று. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே ரோமானியர் அமைத்த செகோன்டியம் கோட்டையையே குறிக்கிறது. பெயர் கற்சுவரினும் முதியது!

இனி, 'கபெல் கெலின்' என்னும் சிற்றூரைக் கேளுங்கள். 'கபெல்' என்பது சிற்றாலயம். 'கெலின்' என்பது முள்ளிலைகளும் செங்கனிகளும் உடைய ஹாலி மரம். லிவர்பூல் நகருக்கு நீர் வேண்டி அப்பள்ளத்தாக்கில் அணை கட்டினர். 1965இல் ஆலயமும் பள்ளியும் வீடுகளும் இருந்த அவ்விடம் நீர்த்தேக்கமாயிற்று. இன்று தேசப்படத்தில் அங்கே காண்பது 'லின் கெலின்' என்னும் பெயர். 'லின்' என்றால் ஏரி. மாறியது ஒரு சொல்லே. மறைந்ததோ ஓர் ஊர்.

2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், வேல்ஸ் நாட்டில் மூன்று வயதும் அதற்கு மேலும் ஆனவருள் வேல்ஸ் மொழி பேசுவோர் 17.8 விழுக்காட்டினரே. மொழியறிந்தோர் குறையுமிடத்துப் பெயர்கள் பொருளிழந்து வெற்றொலியாகும். ஆதலின் தேசப்படத்தில் ஒரு பெயரைக் கண்டால், அஃது எங்கே உள்ளது என்பதோடு நில்லாது, அதன் பொருள் யாது என்றும் வினவுங்கள்.