ஒரு கொலைச் சொல்லின் கதை

பிற மாநிலங்களில் வாழும் நம்மவரில் பலருக்கு அன்றாடச் செய்திகள் ஆங்கிலப் பத்திரிகை வாயிலாகவே கிட்டுகின்றன. அவற்றில் அடிக்கடி எதிர்ப்படும் ஓர் அடைமொழி 'இன்டர்னீசைன்'. ஒரே இனத்தார் வெட்டி மடிந்தாலும் இச்சொல். ஒரு கட்சியின் இரு பிரிவுகள் பூசலிட்டாலும் இச்சொல். இதன் பொருள்தான் யாது?

லத்தீன் மொழியில் 'நெகாரே' என்றால் கொல்லுதல். அதன் முன்னே 'இன்டர்' சேர்ந்தால், எவரும் எஞ்சாதபடி கொன்று தீர்த்தல் என்றாகும். இங்கே 'இன்டர்' வினையின் கடுமையை மிகுவிக்கும் முன்னொட்டு. 17ஆம் நூற்றாண்டில் சாமுவேல் பட்லர் என்னும் ஆங்கிலக் கவிஞர் இச்சொல்லை ஆண்டபோது, கொடிய பேரழிவு என்ற கருத்தே அதில் இருந்தது.

1755இல் டாக்டர் ஜான்சனின் புகழ்பெற்ற அகராதி வெளிவந்தது. 'இன்டர்நேஷனல்' என்ற சொல்லில் இன்று நாம் காணும் 'இடையே' என்னும் பொருளையே அவர் இம்முன்னொட்டுக்கும் கொண்டார். ஒருவரையொருவர் அழிக்க முனைவது என்று உரை வகுத்தார். மூலமொழியை நோக்க அது பிழை. ஆயினும் அகராதியின் செல்வாக்கால் பிழையே வழக்காயிற்று. நாளடைவில், ஒரே கூட்டத்தாருக்குள் மூளும் சண்டை என்று பொருள் மேலும் குறுகிற்று.

ஆகவே, 1904-05இல் ரஷ்யாவும் ஜப்பானும் நிகழ்த்திய போரை இன்று இச்சொல்லால் குறிப்பது பொருந்தாது. பொருத்தமான உதாரணம் மகாபாரதத்தின் மௌசல பர்வத்தில் உள்ளது. யாதவர்கள் பிரபாச தீர்த்தத்தில் கோரைப் புல்லைப் பிடுங்கித் தம்முள் ஒருவரையொருவர் அடித்து மாண்டனர். கொலை, கைகலப்பு, குலநாசம் ஆகிய மூன்றும் அங்கே ஒருங்கே அமைந்துள்ளன.

தமிழில் இதனை எப்படிச் சொல்வது? வள்ளுவர் 'உட்பகை' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஆனால் உட்பகை நெஞ்சில் மறைந்திருப்பது. ஆங்கிலச் சொல்லோ வெளிப்பட்ட வன்செயலைக் குறிப்பது. கட்சிப் பூசலுக்கு 'உட்பூசல்' என்றும், இரத்தம் சிந்தும் இடத்தில் 'குலநாசப் போர்' என்றும் பெயர்த்தால் தெளிவு உண்டாகும்.

நம் ஊர்ச் சங்கத்தில் செயலாளர் பதவிக்காக எழும் சச்சரவுக்கும் இச்சொல்லைச் சூட்டுவோர் உண்டு. வழக்கு அதற்கு இடம் தரலாம். ஆயினும் சிறு சச்சரவுக்கெல்லாம் கொலைச் சொல்லைச் செலவிட்டுவிட்டால், சகோதரர் குருதி மெய்யாகவே சிந்தும் நாளில் நம் கையில் என்ன சொல் மிஞ்சும்?