கத்தரிக்கோல் இல்லாத படத்தொகுப்பு

டாலிகஞ்சு என்னும் பெயரைக் கேளாத மாணவர் நம் நகரில் இரார். வங்காளத் திரைப்படத்தின் தாய்வீடு அது. அந்தத் திரையுலகின் பெயரை உலகெங்கும் கொண்டு சென்ற ‘பதேர் பாஞ்சாலி’, 1955ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க் நகரின் நவீனக் கலைக் காட்சியகத்தில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. குறித்த நாளுக்குள் படம் கப்பலேறியோ விமானமேறியோ போய்ச் சேர்ந்தாக வேண்டும். இயக்குநர் சத்யஜித் ராயும் படத்தொகுப்பாளர் துலால் தத்தாவும் இரவென்றும் பகலென்றும் பாராமல் வெட்டினர், ஒட்டினர். படம் போய்ச் சேர்ந்தது. ஆனால், திரையின் அடியில் ஆங்கில வரிகளைச் சேர்க்க நேரமில்லை. வங்கமொழி அறியாத அவையினர் வெறும் கண்ணாலேயே அதைப் பார்த்தனர், பாராட்டினர்.

அன்று தேர்ந்த கலைஞர் இருவர் உறக்கமின்றிச் செய்த வேலையின் சிறு பங்கை இன்று நம் விடுதி அறையில், வாடகைக் கணினியொன்றின் முன் அமர்ந்து, முதலாண்டு மாணவர் ஒருவர் செய்துவிடுகிறார். கத்தரிக்கோல் இல்லை, பசை இல்லை, தனியாக ஒரு மென்பொருளை வாங்கி நிறுவ வேண்டியதும் இல்லை. செய்தித்தாள் படிக்கவும் தேர்வு முடிவு பார்க்கவும் நாம் திறக்கும் அதே பிரவுசரில், அதாவது உலாவியில், படத்தொகுப்புக் கூடமே வந்து அமர்ந்துவிட்டது. இஃது எவ்வாறு இயலுகிறது? இதனால் நமக்கு ஆவதென்ன? நாம் காக்க வேண்டியதென்ன? இம்மூன்றையும் சுருங்கக் காண்போம்.

முதலில் சுமையின் அளவை அறிவோம். இன்றைய கைப்பேசி எடுக்கும் முழுத்தெளிவுப் படம் ஒன்றில் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 என்று 20 இலட்சத்திற்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு மூன்று பைட் வீதம் கணக்கிட்டால் ஒரு படத்திற்கு ஏறத்தாழ 6 மெகாபைட். நொடிக்கு 25 படங்கள். ஆகவே நொடிக்கு 155 மெகாபைட்! ஒரு நிமிட ஆட்டத்திற்கே 9 கிகாபைட்டுக்கு மேல் வேண்டும். இதை எந்தக் கைப்பேசி தாங்கும்? ஆதலால் ஒரு சிக்கனம் செய்கிறார்கள். ஒரு படத்தை முழுமையாக எழுதிவிட்டு, அடுத்து வரும் படங்களில் மாறியவற்றை மட்டும் குறித்துக்கொள்கிறார்கள். மேடையின் திரைச்சீலை அசையவில்லையென்றால் அதை மீண்டும் மீண்டும் ஏன் எழுத வேண்டும்? ஆடுபவரின் கையசைவை எழுதினால் போதுமே.

இந்தச் சிக்கனத்தை அவிழ்ப்பதும் மீண்டும் கட்டுவதும் கடினமான கணக்கு வேலை. நெடுங்காலம் உலாவிக்கு அந்த வலிமை இல்லை. 2017இல் ‘வெப் அசெம்பிளி’ என்னும் முறை முன்னணி உலாவிகளில் இடம்பெற்றது. 2019இல் அஃது உலகளாவிய வலைத் தரமாக ஏற்கப்பெற்றது. கணினிக்கென்று எழுதிய கனமான நிரல்களை உலாவிக்குள்ளேயே விரைவாக ஓட்டும் வழி அதனால் பிறந்தது.

இத்தகைய கருவிகள் இருவகைப்படும். ஒருவகை, நம் படத்தை நம் கணினியிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்யும். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் தோன்றி 2021இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் கைக்கு வந்த ‘கிளிப்சாம்ப்’ பெரும்பாலும் இவ்வகை. மற்றொரு வகை, படத்தைத் தொலைவிலுள்ள நிறுவனக் கணினிக்கு ஏற்றச் சொல்லி அங்கே தொகுக்கும். சான்பிரான்சிஸ்கோவில் பிறந்த ‘காப்விங்’ இதற்கு எடுத்துக்காட்டு. முதல் வகைக்கு நம் கணினி வலிமையாக இருக்க வேண்டும். இரண்டாம் வகைக்கு இணைய இணைப்பு வலிமையாக இருக்க வேண்டும். 500 மெகாபைட் படத்தை நொடிக்கு 10 மெகாபிட் அனுப்பும் இணைப்பில் ஏற்ற 7 நிமிடம் ஆகும்; 2 மெகாபிட் இணைப்பில் அரைமணிக்கு மேல் ஆகும். விடுதியில் எல்லோரும் விழித்திருக்கும் இரவு பத்து மணிக்கு இதைத் தொடங்குபவர் பொறுமையை வரமாகப் பெற்றவராக இருத்தல் வேண்டும்!

இனி, கருவிகள் தரும் வசதிகளைப் பார்ப்போம். நம் சங்கத்தின் பொங்கல் விழாவைப் படம் பிடித்தோம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மணிநேர நிகழ்ச்சி. ஒரு நிமிடப் படமாக்க வேண்டும்.

திரையின் கீழ்ப்பகுதியில் ஒரு நீண்ட பட்டை இருக்கும். அதுவே காலக்கோடு. அதில் துண்டுகளை இழுத்து வைக்கலாம், முன்பின்னாக மாற்றலாம், தலையையும் வாலையும் குறைக்கலாம். வெட்டுவது போலத் தோன்றுமே தவிர, மூலப்படத்தில் ஒரு கீறலும் விழுவதில்லை. ‘இந்த நொடி முதல் அந்த நொடி வரை காட்டு’ என்னும் குறிப்பை மட்டுமே கருவி எழுதி வைக்கிறது. எனவே அஞ்சாமல் வெட்டிப் பழகலாம். பிழைத்தால் குறிப்பை மாற்றினால் போதும்.

அடுத்தது சட்டத்தின் வடிவம். 2020 ஜூன் மாத இறுதியில் டிக்டாக் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமின் ‘ரீல்ஸ்’ இங்கு வந்தது. இவற்றால் நின்ற வடிவப் படமே வழக்காயிற்று. கிடந்த படத்தை நின்ற படமாக்க ஒரே சொடுக்கு போதும். ஆனால், 16க்கு 9 என்னும் சட்டத்தை 9க்கு 16 ஆக நறுக்கினால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சுவதில்லை. ஆறு பெண்கள் கும்மியடித்தால் இருவரே தெரிவர்! மற்ற நால்வரின் ஒரு மாதப் பயிற்சி என்னாவது? படமெடுக்கும்போதே கைப்பேசியை எப்படிப் பிடிப்பது என்று முடிவு செய்தல் நன்று.

மூன்றாவதாகிய வசதியே நமக்கு உயிரானது. அடிவரிகளைச் சேர்க்கும் வசதி. பேச்சைக் கேட்டுத் தானே எழுத்தாக்கும் ஆற்றல் பல கருவிகளுக்கு உண்டு. ஆயினும், ஆங்கிலத்தையும் வங்கத்தையும் கலந்து நாம் பேசும் தமிழைக் கேட்டு அது திணறும். ஆகவே ஒவ்வொரு வரியையும் நம் கண்ணால் திருத்தியே ஆக வேண்டும். எழுத்தின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். ‘கொ’ என்னும் எழுத்தில், ககரத்தின் பின்னால் சேமிக்கப்படும் உயிர்க்குறி, காட்டும்போது ககரத்தின் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். இதை அறியாத கருவியில் கொம்பு ஓரிடமும் கால் ஓரிடமுமாகச் சிதறும். முழுப்படத்தையும் தொகுப்பதற்கு முன் ‘கொற்கை’, ‘ஸ்ரீரங்கம்’ போன்ற இரண்டு சொற்களை இட்டுச் சோதித்துவிட்டால் பிற்பாடு துன்பமில்லை.

அடிவரிகளைத் தனிக் கோப்பாகவும் வைத்துக்கொள்ளலாம். வரிசை எண், தொடங்கும் நேரம், முடியும் நேரம், வரி ஆகிய இவ்வளவே அதில் உண்டு. யூடியூப் போன்ற இடங்களில் ஒரே படத்திற்குத் தமிழ், வங்கம், ஆங்கிலம் என மூன்று கோப்புகளைச் சேர்க்கலாம். நம்மோடு ஒரே மேசையில் உண்ணும் வங்க நண்பருக்கு நம் விழாவின் பொருள் விளங்க இதைவிட எளிய வழி ஏது? ராயின் படம் அடிவரியின்றியே நியூயார்க்கை வென்றது உண்மை. ஆனால், நாம் ராய் அல்லேம். நமக்கு அடிவரி வேண்டும்!

இறுதியில் படத்தை வெளியேற்றும் கட்டம். சில கருவிகளில் இலவசமாகப் பெறும் படத்தின் மூலையில் அந்நிறுவனத்தின் பெயர் ஒட்டிக்கொண்டே வரும். சிலவற்றில் தெளிவைக் குறைத்துத் தருவர். முழுநாள் உழைத்த பிறகு இதை அறிந்து வருந்துவதைவிட, பத்து நொடித் துண்டு ஒன்றை முதலில் வெளியேற்றிப் பார்ப்பது அறிவுடைமை. பின்னணியில் திரைப்பாடலைச் சேர்ப்போரும் எண்ணிப் பார்க்க வேண்டும். யூடியூப் 2007 முதலே உரிமையுள்ள இசையைத் தானே கண்டறியும் அமைப்பை வைத்திருக்கிறது. நம் மாணவர் வாசித்த பறையும் நாதசுரமும் இருக்க, பிறர் பாடல் எதற்கு?

நண்பர்களே! வசதிகளைச் சொன்னேன், பொறுப்பையும் சொல்லாமல் முடித்தல் ஆகாது. மேடையில் ஒருவர், “தமிழ் மட்டும் போதும் என்று சிலர் சொல்வர், அதை நான் ஏற்கவில்லை” என்று பேசுகிறார். ஒரு நிமிடத்திற்குள் அடக்கும் அவசரத்தில் நாம் பின்பாதியை வெட்டிவிட்டால், அவர் மறுத்த கருத்துக்கே அவரைத் தலைவராக்கிவிடுகிறோம். ஊரெங்கும் அது பரவும். அவர் அளிக்கும் மறுப்போ அந்த வேகத்தில் பரவாது. வெட்டுவதற்கு ஒரு விரல் போதும். ஒருவர் இழந்த நற்பெயரை ஒட்டித் தரும் கருவி இன்னும் பிறக்கவில்லை. பேசியவருக்கு ஒருமுறை காட்டிவிட்டு வெளியிடுவது என்னும் வழக்கத்தை நாம் கைக்கொள்வோம். முகம் தெரியும் தோழியரிடமும் தோழரிடமும் இசைவு கேட்போம். தொலைவிலுள்ள கணினிக்குப் படத்தை ஏற்றும் கருவியாயின், இந்த இசைவை ஏற்றுவதற்கு முன்பே பெறுதல் முறை.

இன்னொன்று. ஒரு நிமிடப் படம் ஒரு வாரம் ஓடி மறையும். மூலமாகிய இரண்டு மணிநேரமோ சங்கத்தின் வரலாறு. அதை அழித்துவிடாமல் ஆண்டும் நிகழ்ச்சியும் பெயரிட்டு, இரண்டு இடங்களில் சேமித்து வைப்போம். பத்தாண்டுக்குப் பின் இங்கு வரும் தமிழ் மாணவர், கங்கைக்கரையில் தம் முன்னோர் பொங்கிய பொங்கலை முழுமையாகக் காணட்டும்.