விற்ற பாகம் திரும்ப வாங்கப்படாதா?

பினாங்கில் மோட்டார் உதிரி பாகம் விற்கும் பல கடைகளில் ரசீதின் அடியில் ஒரு வரி அச்சடித்திருக்கும்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது. மின்சாரப் பாகங்களுக்குக் கேரண்டி இல்லை என்று சுவரிலும் ஓர் அட்டை தொங்கும். புதிதாகப் போட்ட சிடிஐ இரண்டே நாளில் செயலிழந்தாலும், பிரேக் லைனிங் ஒரு வாரத்தில் ஷூவை விட்டுப் பெயர்ந்து வந்தாலும், நம்மில் பெரும்பாலோர் அந்த வரியை நினைத்துக்கொண்டு, போன பணம் போகட்டும் என்று இன்னொரு பாகத்தை வாங்கிவிடுகிறோம். குறையுள்ள பாகத்தைப் பொறுத்தவரை அந்த வரிக்கு மலேசியச் சட்டத்தில் எந்தப் பலமும் கிடையாது. இருக்கிற உரிமையை நாம் இழப்பது வேறு காரணங்களால்: தாமதம், ஆதாரமின்மை, எதைக் கேட்பது என்று தெரியாமை. இந்த மூன்றும் நம் கையில் இருப்பவை என்பதால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

அந்த வரி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ஒரு காலத்தில் அதற்கு வலு இருந்தது புரியும். பினாங்கு நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்றாக இருந்த ஊர். பொருள் விற்பனையில் நெடுங்காலம் ஆங்கிலேயச் சட்டத்தையே பின்பற்றியது. 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம் மலாய் மாநிலங்களில் முன்பே நடப்பில் இருந்தும், பினாங்குக்கும் மலாக்காவுக்கும் 1990இல்தான் விரிவுபடுத்தப்பட்டது. பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டமும் சொல்கிறது. ஆனால் அதன் 62ஆவது பிரிவு, இரு தரப்பும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டால் அந்தப் பொறுப்பை நீக்கிவிடலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ரசீதின் அடிவரி அந்தக் கதவு வழியாகத்தான் நுழைந்தது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பயனீட்டாளருக்கு எதிராக அந்தக் கதவை அடைத்துவிட்டது. அதன் 6ஆவது பிரிவின்படி, எந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் இந்தச் சட்டத்தின் விதிகளே செல்லும். அவற்றிலிருந்து நழுவும்படி விற்பவர் எழுதிக்கொள்ள முயல்வதே குற்றம். கடைகளின் அச்சு வாசகம் மட்டும் பழைய சட்டக் காலத்திலேயே நின்றுவிட்டது.

இந்த மாற்றம் தானாக வந்ததும் இல்லை. 1969இல் இந்த ஊரில் தொடங்கிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், 2019இல் மறையும்வரை அதை வழிநடத்திய எஸ். எம். முகமது இத்ரிஸ், அவரோடு உழைத்த பல இனத்தவர் ஆகியோர் பல ஆண்டுகள் எழுதியும் பேசியும் வாங்குபவரின் குறைக்கு ஒரு மதிப்பைத் தேடித் தந்தார்கள். அதில் தமிழர் பங்கு பெரிது. அப்படிப்பட்ட ஊரில் வாழும் நாமே சட்டத்தின் பயனை எடுத்துக்கொள்ளாமல் விடுவது வருத்தம் தருகிறது.

சட்டம் தருவது என்ன? 32ஆவது பிரிவு, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கும் என்ற உத்தரவாதத்தை ஒவ்வொரு விற்பனையிலும் தானாகவே சேர்க்கிறது. கடைக்காரர் கேரண்டி அட்டை தந்தாரா இல்லையா என்பது இங்கே பொருட்டே இல்லை. அந்த வகைப் பொருள் வழக்கமாக எதற்குப் பயன்படுமோ அதற்குப் பயன்பட வேண்டும், குறையற்று இருக்க வேண்டும், பாதுகாப்பாக இருக்க வேண்டும், நியாயமான காலம் உழைக்க வேண்டும். இன்ன மாடலுக்கு வேண்டும் என்று சொல்லிக் கேட்டிருந்தால், அந்த மாடலுக்குப் பொருந்த வேண்டும் என்பது 33ஆவது பிரிவு. பெட்டியிலும் விளம்பரத்திலும் சொன்ன விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது அடுத்த பிரிவு. ஒரிஜினல் என்று சொல்லி இமிடேஷன் கொடுத்தால் அது தரக்குறைவு மட்டுமில்லை, பொய்யான விவரமும் ஆகிறது. அது குறித்து உள்நாட்டு வர்த்தக, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அமலாக்கப் பிரிவில் தனியாகப் புகார் செய்யலாம். மலிவு விலைப் பாகத்துக்கு இதெல்லாம் பொருந்தாது என்பார்கள். விலையும் கணக்கில் எடுக்கப்படும் என்பது உண்மைதான்; 20 வெள்ளி செயின் 90 வெள்ளி செயின் அளவுக்கு உழைக்கும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் மலிவான செயினுக்கும் ஓடும்போது அறுந்துவிழ உரிமை இல்லை. மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேலானவர்கள் மோட்டார் ஓட்டிகளும் பின்னால் அமர்ந்து வருபவர்களும்தான். பதின்மூன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தில் லாரிகளுக்குப் பக்கத்தில் நாள்தோறும் வேலைக்குப் போய்வருகிறவருக்கு, பிரேக்கின் தரம் விலையைப் பார்த்து மாறும் விஷயம் ஆக முடியாது.

இனிப் பணம். குறை கண்டவுடன் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். எப்போதும் அப்படி இல்லை. 41ஆவது பிரிவு ஒரு வரிசையை வைத்திருக்கிறது. சரிசெய்யக்கூடிய குறை என்றால், நியாயமான காலத்துக்குள் சரிசெய்யும்படி முதலில் விற்பவரைக் கேட்க வேண்டும். அவர் பழுது பார்க்கலாம், அதே வகைப் புதுப் பாகம் கொடுக்கலாம், பழுதுபார்ப்பது நியாயமாக முடியாத காரியம் என்றால் பணத்தைத் தரலாம். அவர் மறுத்தாலோ இழுத்தடித்தாலோ, பொருளை நிராகரிக்கவும், வேறிடத்தில் சரிசெய்து அந்தச் செலவை அவரிடம் வசூலிக்கவும் உங்களுக்கு உரிமை பிறக்கிறது. குறை கடுமையானது என்றால் இந்த வரிசையே தேவையில்லை, நேரடியாக நிராகரிக்கலாம். இப்படி ஒரு குறை இருக்கும் என்று தெரிந்திருந்தால் யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள் என்ற நிலை, பாதுகாப்பற்ற நிலை, இவையெல்லாம் கடுமையான குறைகள். பெயர்ந்த பிரேக் லைனிங்கும் வெடித்த ரிம்மும் இந்த வகையில் வரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நிராகரித்தபின் பணமா மாற்றுப் பாகமா என்று தேர்ந்தெடுப்பவர் வாங்கியவரே. கடையில் வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுக்கும் வரவுச் சீட்டை ஏற்றுக்கொள்ளும் கட்டாயம் அவருக்கு இல்லை. மனம் மாறிவிட்டது, நிறம் பிடிக்கவில்லை, வேறு கடையில் 5 வெள்ளி குறைவு என்பவற்றுக்கெல்லாம் சட்டம் எதையும் தரவில்லை. அங்கே கடைக்காரரின் அடிவரி நியாயமானதே.

நிராகரிக்கும் உரிமை கரைந்துபோகவும் கூடும். குறை தெரியவந்த பிறகு நியாயமான காலத்துக்குள் அதைப் பயன்படுத்தவில்லை என்றால் போய்விடும். பாகத்தைத் தூக்கி எறிந்துவிட்டால் போய்விடும். குறையோடு தொடர்பில்லாத காரணத்தால் அது சேதமானாலும் போய்விடும். சேதமில்லாமல் கழற்ற முடியாதபடி வேறொரு பொருளோடு ஒன்றிவிட்டாலும் அப்படியே. மோட்டார் பாகங்களில் நாம் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கழற்றிய பழைய பாகம் பட்டறையின் எண்ணெய்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்து, மாலையில் பழைய இரும்புக்காரரிடம் போய்விடுகிறது. பெட்டி குப்பைக்குப் போகிறது. ரசீது பெட்ரோல் டேங்கின் மேல் வைத்த கையோடு காற்றில் போகிறது. சரியில்லையே என்று தெரிந்தும் இரண்டு மாதம் ஓட்டிவிட்டு மூன்றாம் மாதம் கடைக்குப் போனால், தேய்ந்தது உங்கள் ஓட்டத்தால் என்று அவர் சொல்வதற்கு இடம் கொடுத்துவிட்டோம்.

கடைக்காரர்களின் பக்கத்திலும் கேட்க வேண்டிய வாதம் இருக்கிறது. சிடிஐ, ரெகுலேட்டர் போன்ற பாகங்கள் நல்லவையாகவே இருந்தும் மோட்டாரின் பழைய வயரிங்கால் எரிந்துபோவது உண்டு. எரிந்த பாகத்தைக் கொண்டுவந்து குறையுள்ள பாகம் என்றால் அவர் எப்படி ஏற்பார்? இந்தக் கேள்வி நியாயமானது. பொருளைத் தகாத முறையில் பயன்படுத்தியதால் வந்த கேட்டுக்குச் சட்டமும் விற்பவரைப் பிடிப்பதில்லை. அதற்கான விடை சோதனையில் இருக்கிறது. பாகத்தை மாட்டுவதற்கு முன் சார்ஜிங் வோல்ட்டேஜை அளந்து ரசீதில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மீட்டர் வைத்திருக்கும் பட்டறைக்கு அது சில நிமிட வேலை. விற்றவரே மாட்டியும் கொடுத்தார் என்றால் உங்கள் நிலை இன்னும் வலுவானது. சேவையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பது 53ஆவது பிரிவு. பாகம் கெட்டதா, மாட்டிய விதம் கெட்டதா என்ற பிரச்சினையில் இரண்டுக்கும் அவரே பொறுப்பாகிறார். ஒரு கடையில் வாங்கி இன்னொரு பட்டறையில் மாட்டும்போதுதான் இருவரும் மாறி மாறி விரல் நீட்டுகிறார்கள். சில வெள்ளி மிச்சமாகிறது என்று அப்படிச் செய்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மின்சாரப் பாகத்துக்குக் கேரண்டியே இல்லை என்ற மொத்த மறுப்பு மட்டும் எந்த வகையிலும் நிற்காது.

இன்னொரு வாதம், மொத்த வியாபாரி தந்ததைத்தானே விற்கிறார், சிறு கடைக்காரரை ஏன் வதைக்க வேண்டும் என்பது. சட்டத்திலேயே இதில் ஓர் ஏற்றத்தாழ்வு இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மறுவிற்பனைக்கும், தொழிலாகப் பிறர் வண்டியைப் பழுதுபார்க்கவும் வாங்குபவர் இந்தச் சட்டப்படி பயனீட்டாளர் இல்லை. மொத்த வியாபாரியிடம் பட்டறைக்காரர் பணம் கேட்க வேண்டுமென்றால் அவருக்குப் பொருள் விற்பனைச் சட்டமும் தன் கொள்முதல் ஒப்பந்தமும்தான் வழி. ஆனால் யாரிடம் சரக்கு எடுப்பது என்று தேர்ந்தெடுத்தவர் அவர். கெட்ட சரக்கைத் திருப்பி அனுப்பும் வியாபார உறவும் அவருக்கு உண்டு. பெட்டியைப் பார்த்து வாங்கியவருக்கு இரண்டும் இல்லை. சுமையை அவர் தலையில் இறக்கி வைத்தால் அது அங்கேயே நின்றுவிடும். கடைக்காரரிடம் போனால் மேலே ஏறி, கெட்ட பாகத்தைச் செய்தவரை எட்ட வாய்ப்பிருக்கிறது. உணவு விநியோகம் செய்யும் இளைஞர்களும் இங்கே கவனிக்க வேண்டும். வழக்கமாகச் சொந்தப் பயனுக்கு வாங்கப்படும் வகைப் பொருளா என்பதையே சட்டம் பார்க்கிறது. மோட்டாரை வைத்துச் சம்பாதிக்கிறார் என்பதாலேயே பிரேக் பாகம் வாங்கிய ஒருவரின் உரிமை போய்விடாது என்பது என் வாசிப்பு.

முப்பது வெள்ளிக்கு வழக்கா என்று கேட்பார்கள். வழக்குக்கு முன்பே பெரும்பாலான வேலையைச் செய்யக்கூடியது ஒரு கடிதம். வாங்கிய தேதி, பாகத்தின் பெயர், விலை, கண்ட குறை, நிராகரிக்கிறேன் என்ற சொல், பணத்தைத் திருப்பித் தர வேண்டிய நாள், இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பதிவு இருக்கும். வாய்ப் பேச்சில் வெறும் சண்டையாக முடிவது எழுத்தில் சட்டப்படியான அறிவிப்பாகிறது. பயனில்லை என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. படிவம் 1ஐ நிரப்பி நேரிலோ இணையத்திலோ பதியலாம். மூன்று ஆண்டுகளுக்குள் எழுந்த கோரிக்கையாக இருக்க வேண்டும். 2019 முதல் 50,000 வெள்ளி வரை கோரலாம் என்பதால் பாகம் மட்டுமில்லை, குறையுள்ள முழு மோட்டாரும் அதற்குள் அடங்கும். வழக்கறிஞர்களுக்கு அங்கே இடமில்லை. பெரிய நிறுவனம் என்றாலும் தன் ஊழியரை அனுப்பித்தான் பேச வேண்டும். விசாரணை தொடங்கிய நாளிலிருந்து கூடியவரை 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாத கடைக்காரர் குற்றவியல் நடவடிக்கைக்கு ஆளாவார். ஒரு நாள் விடுப்பு, ஒரு நாள் கூலி இழப்பு என்பது நாள் சம்பளக்காரருக்கு உண்மையான சுமைதான்; அதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் கடிதத்திலேயே முடிக்கும் அளவுக்கு ஆதாரத்தைத் திரட்டி வைக்கச் சொல்கிறேன்.

குறையுள்ள பாகத்தால் விழுந்து அடிபட்டால் கதை வேறு. உடற்காயத்துக்கும் உயிரிழப்புக்குமான இழப்பீட்டை நடுவர் மன்றம் விசாரிக்க முடியாது. அதற்கு நீதிமன்றம் போக வேண்டும், வழக்கறிஞரும் வேண்டும். 1916இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் மேக்பெர்சன் வழக்கில் அளித்த தீர்ப்பு, குறையுள்ள பொருளால் வரும் தீங்குக்கு அதைத் தயாரித்தவரைப் பொறுப்பாக்கும் சட்டத்தின் அடித்தளங்களில் ஒன்று. புயிக் காரின் மரச் சக்கரம் ஓட்டத்தில் நொறுங்கியது. சக்கரம் வேறொரு நிறுவனம் செய்தது, காரை விற்றதும் ஒரு முகவர். எங்களுக்கும் வாங்கியவருக்கும் ஒப்பந்தமே இல்லை என்று புயிக் நிறுவனம் வாதிட்டது. ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் கவனக்குறைவுக்குப் பொறுப்பு உண்டு என்று நீதிபதி கார்டோசோ எழுதினார். நம் 1999 சட்டத்தின் பத்தாம் பகுதி அதையும் தாண்டிப் போகிறது. பாகத்தைத் தயாரித்தவர், தன் பெயரைப் போட்டு விற்றவர், நாட்டுக்குள் இறக்குமதி செய்தவர் மூவரும் பொறுப்பாகலாம். கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை, பாகம் பாதுகாப்பற்றது என்பதையும் அதனால் தீங்கு வந்தது என்பதையும் காட்டினால் போதும். தயாரித்தவர் யார் என்று கேட்டும் கடைக்காரர் நியாயமான காலத்துக்குள் சொல்லாவிட்டால் அவரே பொறுப்பேற்க நேரும். ஆகவே விபத்துக்குப் பின் முதலில் பாதுகாக்க வேண்டியது உடைந்த பாகமும் அதன் பெட்டியும்தான். காப்புறுதிக்காரரிடமோ பட்டறையிடமோ அதைக் கொடுத்துவிட்டுப் பின்னால் தேட வேண்டாம்.

இணையத்தில் வாங்குபவர்களுக்கும் இதே உரிமைகள்தான். 2007ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மின்வணிகமும் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் மட்டும் தீர்ப்பு வாங்கியும் வசூலிப்பது அரிது. பிரேக், டயர், ரிம், ஃபோர்க் போன்ற உயிர் காக்கும் பாகங்களை, முகவரி தெரிந்த உள்ளூர் விற்பனையாளரிடமே ரசீதோடு வாங்குங்கள்.

அடுத்த முறை உங்கள் மோட்டாருக்குப் பாகம் மாற்றும்போது பெயரும் மாடலும் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். கழற்றியதையும் பெட்டியையும் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். குறை தெரிந்த நாளிலேயே படம் எடுத்து, இரண்டாவது பட்டறை ஒன்றின் கருத்தை எழுத்தில் பெற்று, கடைக்குக் கடிதம் அனுப்புங்கள். வழி தெரியாவிட்டால் அமைச்சின் 1-800-886-800 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மஸ்ஜித் நெகிரி சாலையிலுள்ள பினாங்குப் பயனீட்டாளர் சங்க அலுவலகத்துக்கும் போகலாம், அங்கே தமிழிலேயே பேசலாம்.