மெட்டு எங்கே இருக்கிறது?

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த தண்டலத்தில் ஒரு தேநீர்க் கடை. ஷிப்டு முடிந்து வந்த இளைஞர் ஒருவர் தம் கைபேசியில் ‘என்னடி முனியம்மா’ பாட்டை ஒலிக்கவிட்டார். பக்கத்திலிருந்த பெரியவர், “இது அந்தப் பாட்டே இல்லப்பா” என்றார். “அதே பாட்டுதாங்க ஐயா” என்றார் இளைஞர்.

டி.கே.எஸ். நடராஜன் நாட்டுப்புறப் பாணியில் பாடிய அந்தப் பாட்டு 1984-இல் ‘வாங்க மாப்பிள்ளை வாங்க’ படத்தில் இடம்பெற்றது. 2006-இல் ‘வாத்தியார்’ படத்தில் டி. இமான் இசையில் புது உருவில் வந்தது. பெரியவர் கேட்டு வளர்ந்தது முன்னது; இளைஞர் ஒலிக்கவிட்டது பின்னது. இருவரில் யார் சொல்வது சரி?

ஒரு சோதனையைப் பாருங்கள். நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலவேண்டிய இசைத்தட்டை 45 முறை சுழலவிட்டால், பாட்டிலுள்ள அதிர்வெண்கள் அனைத்தும் 1.35 மடங்காகும். 240 ஹெர்ட்ஸில் இருந்த ‘ச’ 324-க்கு ஏறும். 360-இல் இருந்த ‘ப’ 486-க்கு ஏறும். குரல் கீச்சென்று மாறிவிடும். ஆனாலும் அது எந்தப் பாட்டு என்பதை உடனே சொல்லிவிடுவீர்கள். ஏன்? 240-க்கும் 360-க்கும் உள்ள விகிதம் 2:3. 324-க்கும் 486-க்கும் உள்ள விகிதமும் அதுவே! மெட்டு என்பது தனித்தனி அதிர்வெண்களில் இல்லை. அவற்றுக்கு இடையேயுள்ள விகிதங்களிலும், சுரங்கள் நீளும் கால அளவுகளிலும் இருக்கிறது. பாடுபவரும் வாத்தியங்களும் மாறினாலும் இவை பெரும்பாலும் நிலைத்து நிற்கின்றன. ஆகவே இளைஞர் சொன்னது சரி.

அப்படியானால் பெரியவர் சொன்னது தவறா? இல்லை. நாதசுரமும் வயலினும் ஒரே ‘ச’வை ஒலித்தாலும் நம்மால் வேறுபடுத்த முடிகிறது அல்லவா? அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேற்சுரங்கள் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு வலிமை கொண்டிருப்பதே இதற்கு முக்கியக் காரணம். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் வெளியிட்ட தம் நூலில் இதை விளக்கினார். மனிதக் குரலிலும் அப்படித்தான். மேலும், நாட்டுப்புறப் பாடகர் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்வார்; தாளத்துக்கு இம்மியளவு முந்துவார், பிந்துவார். பெரியவரின் காது தேடியது இவற்றைத்தான்.

மெட்டு வாய்வழியாகப் பரவும். சுரமாக எழுதியும் வைக்கலாம். குரலின் மேற்சுரங்களையும் வழுக்கல்களையும் அப்படி எழுதி வைக்க முடியாது. ஒலிப்பதிவு ஒன்றே வழி. நெல் வயல்கள் இருந்த இடங்களில் இன்று ஆலைகள் நிற்கின்றன. நடவுப் பாட்டு அறிந்த பாட்டிமார்களுக்கு வயதாகிவிட்டது.

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைபேசியை அவரிடமிருந்து ஒரு முழத் தொலைவில் வைத்துப் பாடச் சொல்லுங்கள். அவர் பெயர், ஊர், எந்த வேலையின்போது பாடியது என்பவற்றையும் அவர் குரலிலேயே பதிவுசெய்யுங்கள். பிறகு அதே பாட்டை நீங்களும் பாடிப் பதிந்து, இரண்டையும் ஒப்பிட்டுக் கேளுங்கள்.