பல்லுக்கும் ஓய்வு வேண்டும்

இரவு பத்து மணி. ஷா ஆலமில் ஒரு மாமாக் கடை. பெரிய திரையில் கால்பந்து ஓடுகிறது. எதிர் மேசைக்காரர் முன்னால் ஒரு தே தாரிக். ஒரு வாய் உறிஞ்சுகிறார், நண்பரோடு பேசுகிறார், ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு வாய். ஆட்டம் முடியும்போதுதான் கிளாஸ் காலியாகிறது. கேட்டால், "ஒரு கிளாஸ்தானே குடித்தேன்" என்பார். அவர் கணக்கில் ஒன்று. பல்லின் கணக்கில் அது ஒன்றரை மணி நேரம்.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வாயில் குடியிருக்கும் கிருமிகள் இனிப்பைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. சில நிமிடங்களில் பல்லைச் சுற்றியுள்ள பிஎச் அளவு 5.5-க்குக் கீழே இறங்கி, எனாமலில் உள்ள கால்சியம் கரையத் தொடங்கும். பிறகு உமிழ்நீர் வந்து அமிலத்தைத் தணித்து, கரைந்த சத்தைத் திரும்ப ஒட்டவைக்கும். இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். அதற்குள் அடுத்த வாய் இனிப்பு போனால், பழுதுபார்க்கும் வேலை பாதியில் நின்றுபோகும். எவ்வளவு இனிப்பு தின்கிறோம் என்பது முக்கியம்தான். ஒரு நாளில் எத்தனை தடவை தின்கிறோம் என்பது அதைவிட முக்கியம்.

தே தாரிக்கின் ருசியே டின் பாலில்தான். அந்தப் பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. புட்டியிலும் டின்னிலும் வரும் இனிப்புப் பானங்களுக்கு மலேசிய அரசு 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 காசு வரி போட்டது. 2025-இல் அது 90 காசாக உயர்ந்தது. மாமாக் கடைக்காரர் நம் கண்முன் ஆற்றித் தரும் தேநீருக்கு அந்த வரி கிடையாது. அங்கே காவல் நாம்தான். 'குராங் மானிஸ்' என்று சொல்லப் பழகலாம். தே ஓ கோசோங் இன்னும் நல்லது. இனிப்புதான் வேண்டுமென்றால் பசியாறும்போதே குடித்து முடித்துவிட்டு, ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீர் குடியுங்கள்.

கரித்தூள் காலம்

ஷா ஆலம் நகரமாவதற்கு முன் இந்த மண் சுங்கை ரெங்கம் தோட்டம். லயத்து வாசலில் விடியற்காலையில் கரித்தூள், சாம்பல், உப்பு இவற்றைத் தொட்டு விரலாலேயே பல் விளக்கிய தலைமுறை நமக்கு முந்தியது. ஆலும் வேலும் அறிந்தவர்கள். "அந்தக் காலத்துப் பல் கல் மாதிரி" என்று தாத்தாவைச் சொல்கிறோம். பெருமை கரித்தூளுக்குச் சேராது. நாள் முழுக்க நொறுக்குத்தீனியும் இனிப்புப் பானமும் அன்று இல்லை. கரியும் செங்கல் பொடியும் எனாமலைத் தேய்ப்பவை. அதே கரி இன்று கறுப்புப் பற்பசையாகப் பளபளக்கும் டியூபில் வருகிறது. வாங்குமுன் அதில் ஃபுளோரைடு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபுளோரைடு எனாமலை அமிலத்துக்கு எதிராக உறுதிப்படுத்துகிறது. குழாய்த் தண்ணீரில் அதைச் சேர்க்க 1972-இல் மலேசிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்க பினாங்கில் 1949-லேயே பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியாகிவிட்டது. வெள்ளை உடுப்போடு பள்ளிக்கு வந்து, வாயைத் திறக்கச் சொன்ன 'மிஸ்ஸி'யை மறந்தவர் குறைவு. இன்று பல வீடுகளில் குழாய்த் தண்ணீருக்கு ஆர்.ஓ. வடிகட்டி இருக்கிறது. அது அழுக்கோடு ஃபுளோரைடையும் எடுத்துவிடும். அந்த வீடுகளில் பற்பசையின் பொறுப்பு இன்னும் கூடுகிறது.

இரவில் இரண்டு நிமிடம்

காலையில் பல் விளக்காதவர் யாருமில்லை. இரவில் தவறவிடுபவர்கள் ஏராளம். தூங்கும்போது உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடுவதால், பல்லுக்கு ஆபத்தான நேரம் அதுவே. மைலோ குடித்த வாயோடு பிள்ளை தூங்கிவிட்டால் கிருமிகளுக்கு விடிய விடிய விருந்துதான். பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைக்கு முன்பற்கள் முதலில் சொத்தையாகும்.

மென்மையான பிரஷ் போதும். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்த்து வைத்து மெதுவாக, இரண்டு நிமிடம். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அரிசி அளவு பற்பசை, ஆறு வயது வரை பட்டாணி அளவு. விளக்கி முடித்ததும் நுரையைத் துப்புங்கள். கொப்பளிக்க வேண்டாம், மிஞ்சும் ஃபுளோரைடு பல்லிலேயே தங்கட்டும். எலுமிச்சை ஜூஸோ அசாம் போய் தண்ணீரோ குடித்த உடனே பிரஷைத் தொடாதீர்கள். அரை மணி நேரம் போகட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரஷை மாற்றுங்கள்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியவை

இரண்டு விஷயங்கள் நம் சமூகத்தைக் குறிப்பாகத் தொடுகின்றன. ஒன்று, இனிப்பு நீர். மலேசியாவில் இந்தியர்களிடையேதான் அது அதிகம். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். விளக்கும்போது ரத்தம் வந்தால் அலட்சியம் வேண்டாம்.

இன்னொன்று, வெற்றிலைப் பாக்கு. நாட்டில் வாய்ப்புற்று நோய் இந்தியர்களிடையே அதிகம். புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. வீட்டில் பாக்கு போடும் பாட்டி இருந்தால் வாய்க்குள் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் தாமதிக்காமல் பல் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.

வலி வந்த பிறகு பல் டாக்டரிடம் போவதுதான் நம் பழக்கம். வலி வரும்போது சொத்தை பெரும்பாலும் உள்நரம்பை நெருங்கியிருக்கும். முன்பே போனால் சிறு அடைப்போடு முடிந்திருக்கும். அரசாங்கப் பல் கிளினிக்கில் அதற்குப் பெரிய செலவும் இல்லை.

இன்றிரவே தொடங்கலாம். பிள்ளையோடு சேர்ந்து நின்று இரண்டு நிமிடம் பல் விளக்குங்கள். அதற்குப் பிறகு விடியும்வரை தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம்.