பழைய கம்ப்யூட்டரை காயலான் கடைக்குப் போடாதீர்கள்!

விண்டோஸ் 10-க்கு வழக்கமாகக் கொடுத்து வந்த இலவச பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந்தேதியோடு நிறுத்திவிட்டது. சரி, விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளலாம் என்றால், இன்டெல் 8-ம் தலைமுறைக்கு முந்திய கம்ப்யூட்டர்களை அது பெரும்பாலும் ஏற்பதில்லை.

தாராவியிலும் ஆன்டாப்ஹில்லிலும் சயான் கோலிவாடாவிலும் நம்மவர் வீடுகளில் நான் பார்த்தவரை இருப்பவை, லேமிங்டன் ரோட்டில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய பெட்டிகள்தான். பையனின் படிப்புக்கென்று சீட்டுப் பணம் எடுத்து வாங்கியவை. "இது இனி உதவாது, புதுசு வாங்குங்கள்" என்று கடைக்காரர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார். மாதச் சம்பளக்காரன் எங்கே போவான்?

இதற்கு ஒரு வழி இருக்கிறது. செலவு, ஒரு வெற்று டி.வி.டி. வாங்கும் காசு மட்டுமே.

லினக்ஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து நாட்டு மாணவர் தொடங்கிய வேலை அது. அதன் உள்கட்டுமானத்தை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிரதி எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் கொடுக்கலாம். குற்றமில்லை. திருட்டு விண்டோஸ் போட்டுத்தரும் கடைகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

உபுண்டு என்ற லினக்ஸ் 2004-ல் வந்தது. விலாசம் எழுதிக் கேட்டவர்களுக்கு சி.டி.யைத் தபாலிலேயே இலவசமாக அனுப்பி வந்தார்கள். 2011-ல் அது நின்றது. இப்போது நாமேதான் தயாரித்துக்கொள்ள வேண்டும். பழைய கம்ப்யூட்டருக்கு நான் சொல்லுவது லினக்ஸ் மின்ட். 2006-ல் தொடங்கியது. 64 பிட் கம்ப்யூட்டரும் 2 ஜி.பி. நினைவகமும் இருந்தால் ஓடும், 4 ஜி.பி. இருந்தால் சுகமாக ஓடும். டிஸ்கில் குறைந்தது 20 ஜி.பி. இடம் வேண்டும்.

மூட்டையைப் பிரிக்காமல் அனுப்பினால்...

லினக்ஸ் மின்ட்டின் சொந்த இணையதளத்திலிருந்து ஐ.எஸ்.ஓ. என்று முடியும் ஒரே பைலை இறக்கிக்கொள்ளுங்கள். சுமார் 3 ஜி.பி. இருக்கும். சாதாரண சி.டி.யில் 700 எம்.பி.தான் கொள்ளும். ஆகவே 4.7 ஜி.பி. டி.வி.டி. வாங்குங்கள்.

பலர் சறுக்குவது அடுத்த கட்டத்தில்தான். அந்தப் பைலைப் பாட்டு ஏற்றுவதுபோல் தட்டில் அப்படியே காப்பி செய்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டரைத் திறந்தால் ஒன்றும் நடக்காது. பார்சல் ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு இது விளங்கும். மூட்டை போய்ச் சேர்ந்துவிட்டது; ஆனால் யாரும் பிரிக்கவில்லை.

ஐ.எஸ்.ஓ. என்பது ஒரு முழுத் தட்டின் அச்சு. கம்ப்யூட்டர் உயிர் பெற்றதும் முதலில் படிக்க வேண்டிய சிறு பகுதி எங்கே இருக்கிறது என்ற குறிப்பும் அதற்குள் இருக்கிறது. பெட்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டால் ரெயில் ஓடிவிடுமா? என்ஜின் மாட்ட வேண்டாமா? அந்த என்ஜின்தான் இது. எங்கே மாட்டுவது என்பதற்கு 1995-ல் 'எல் டோரிட்டோ' என்று ஒரு விதிமுறையே வகுத்தார்கள்.

எனவே ஐ.எஸ்.ஓ. பைல் மேல் மவுசின் வலது பொத்தானை அழுத்தி, 'பர்ன் டிஸ்க் இமேஜ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 7 முதல் இந்த வசதி உள்ளே இருக்கிறது. எழுதியபின் சரிபார்க்கும் கட்டத்திலும் ஒரு டிக் போடுங்கள். தட்டு எழுதி முடியும்வரை கம்ப்யூட்டருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

எழுதுவதற்கு முன்னால் ஒரு காரியம். இறக்கிய பைல் முழுசாக வந்ததா என்று பார்க்க, 64 எழுத்துக்கள் கொண்ட ஒரு சரிபார்ப்பு எண்ணை அதே இணையதளத்தில் கொடுத்திருக்கிறார்கள். விண்டோசில் உள்ள 'செர்ட்யூட்டில்' கட்டளை உங்கள் பைலுக்கும் அப்படி ஓர் எண் கொடுக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி இறக்குங்கள். கேஷ் டேலி ஆகாமல் கவுண்ட்டரை மூடுவோமா?

டி.வி.டி. டிரைவ் இல்லாதவர்கள் 8 ஜி.பி. பென் டிரைவில் ரூபஸ் என்ற இலவச மென்பொருளால் இதையே செய்யலாம். பென் டிரைவில் ஏற்கனவே இருப்பது அழிந்துவிடும்.

இனி தட்டைப் போட்டு கம்ப்யூட்டரைத் திறவுங்கள். திறந்தவுடன் டெல், லெனோவா என்றால் எப்12, எச்.பி. என்றால் எப்9 விசையைத் தட்டித் தட்டி, டி.வி.டி.யைத் தேர்ந்தெடுங்கள். மின்ட் தட்டிலிருந்தே ஓடத் தொடங்கும். கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும். உங்கள் டிஸ்கை அது இன்னும் தொடவில்லை. வைபை, ஸ்பீக்கர், பிரிண்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்று நிதானமாகப் பாருங்கள். பிடிக்கவில்லையா? அணைத்துவிட்டுத் தட்டை எடுத்துவிடுங்கள். பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.

பிடித்திருந்தால் மட்டும் திரையில் உள்ள 'இன்ஸ்டால்' படத்தை அழுத்துங்கள். மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. ஆனால் 'டிஸ்கை அழித்து நிறுவு' என்ற இடத்தில் கை நிற்கட்டும். கல்யாணப் போட்டோ, பையனின் சர்டிபிகேட், ஊர் நிலப் பத்திரத்தின் நகல், எல்லாம் அந்த ஒரே அழுத்தில் போய்விடும். அவற்றை முன்கூட்டியே வேறு இடத்தில் எடுத்து வைத்து, திறந்தும் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் விண்டோசின் பக்கத்திலேயே லினக்சை வைக்கும் வழியைத் தேர்ந்தெடுக்கலாம்.

டாலி போன்ற கணக்கு மென்பொருள் இதில் நேரடியாக ஓடாது. அதை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவர்கள் விண்டோசை முழுவதும் எடுத்துவிட வேண்டாம். கடிதம், கணக்கு அட்டவணை ஆகியவற்றுக்கு லிப்ரே ஆபீஸ் கூடவே வருகிறது. டிக்கெட் முன்பதிவு தளம் பயர்பாக்சில் திறக்கும். ஊருக்குத் தமிழில் கடிதம் அடிக்க தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்ததும் தட்டை எடுத்துவிட்டு எண்டர் தட்டச் சொல்லும். எடுத்த தட்டின் மேல் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். பக்கத்துக் கட்டிடத்திலிருந்து நிச்சயம் யாராவது கேட்டு வருவார்கள்.