நகரத்துச் சாக்கடையில் விளையும் மீனும் நெல்லும்

பெரிய நகரங்கள் தங்கள் கழிவு நீரைச் சுத்தம் செய்யக் கோடிக்கணக்கில் செலவிடுகின்றன. கொல்கத்தாவிலோ அதில் பெரும் பகுதியை மீன் வளர்ப்போரும் நெல் விவசாயிகளும் தங்கள் தொழிலின் போக்கிலேயே சுத்தம் செய்து கொடுக்கிறார்கள். இதற்காக நகரம் அவர்களுக்குக் காலணா கூலி தருவதில்லை.

கொல்கத்தாவின் நிலமட்டம் ஹூக்ளி ஆற்றிலிருந்து கிழக்கே சரிகிறது. ஆகவே சாக்கடையும் மழை நீரும் கிழக்கு நோக்கித்தான் ஓடும். முன்பு அங்கே வித்யாதரி ஆற்றின் உப்பு நீர் ஏறி இறங்கும் ஏரிகள் இருந்தன. ஆறு தூர்ந்து உப்பு நீர் வரத்து நின்றதும், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், அப்பகுதியினர் சாக்கடை நீரைக் குளங்களில் பாய்ச்சி மீன் வளர்க்கத் தொடங்கினர். இக்குளங்களை அங்கு 'பேரி' என்பார்கள்.

குளம் ஆழமாக இருக்கக் கூடாது, இதுதான் முக்கியம். இரண்டு முதல் ஐந்து அடி நீர் போதும், வெயில் உள்ளே இறங்க வேண்டும். குளிர் காலத்தில் குளத்தை வடித்துக் காயவிட்டு, வண்டலை அகற்றி, சுண்ணாம்பு இடுகிறார்கள். பின்பு சாக்கடை நீரை விட்டுச் சில வாரம் ஆறப் போடுகிறார்கள். நுண்ணுயிர்கள் கழிவை மக்கச் செய்ய, அந்தச் சத்தில் பாசி செழிக்கிறது. பாசி வெயிலில் பிராணவாயுவை வெளியிடுகிறது. நீர் பசுமை கண்ட பிறகே கட்லா, ரோகு, மிர்கால், வெள்ளிக்கெண்டைக் குஞ்சுகளை விடுகிறார்கள். பாசியை மீன் தின்னாவிட்டால் அது பெருகி, அழுகி, நீரைக் கெடுத்துவிடும். அதன்பின் சாக்கடை நீரைச் சிறுகச் சிறுகத்தான் விட வேண்டும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால், வாயு குறைந்துவிட்டது என்று அறிந்து மடையை அடைத்துவிடுவார்கள்.

நம் வாய்க்கால்களில் சனியனாய் இருக்கும் ஆகாயத் தாமரையை அங்கே வேண்டுமென்றே கரையோரம் வளர்க்கிறார்கள். அது அலையைத் தடுத்துக் கரையைக் காக்கிறது. நீரிலுள்ள உலோகங்களையும் ஓரளவு உறிஞ்சுகிறது. ஓரளவுதான். தோல் பதனிடும் ஆலைக் கழிவு கலந்தால் எந்தச் செடியாலும் ஈடு கொடுக்க முடியாது.

குளத்திலிருந்து வெளியேறும் நீர் நெல் வயல்களுக்குப் போகிறது. நகரக் குப்பை மக்கிய தாப்பா பகுதியில் காலிபிளவர், முள்ளங்கி, கீரை விளைகின்றன.

இத்தனையும் நடந்தும் நகரத்தாருக்கு இதன் மதிப்பு தெரியவில்லை. சாக்கடை எங்கே போகிறது என்று 1980-களின் தொடக்கத்தில் தேடிச் சென்ற மாநில அரசுப் பொறியாளர் துருபஜோதி கோஷ்தான், இக்குளங்கள் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் வேலையைச் செய்வதை எடுத்துக் காட்டினார். அதற்கு முன்பே, 1960-களில், ஏரிகளில் ஒரு பகுதி ஹூக்ளி வண்டலால் நிரப்பப்பட்டு 'சால்ட் லேக்' நகராகி இருந்தது. எஞ்சியதை வேறு உபயோகத்துக்கு மாற்றலாகாது என்று 1992-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுமார் 12,500 ஹெக்டேர் பரப்பு 2002-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈர நிலமாக அறிவிக்கப்பட்டது. 2006-ல் தனிச் சட்டமும் வந்தது.

சட்டம் வந்தும் நிரப்புவது அடியோடு நின்றுவிடவில்லை. நகரை ஒட்டிய மனையின் விலைக்கு முன் மீன் வருமானம் எம்மாத்திரம்! குளம் போனால் மீன்காரர்கள் மட்டும் பிழைப்பை இழப்பதில்லை. பெருமழை நீர் தங்கவும் இடமிராது.

மற்றொரு சிக்கல் மதகில் இருக்கிறது. மீன் குளங்களுக்கு நீர் ஏற, வாய்க்காலில் மட்டம் உயர்ந்து நிற்க வேண்டும். நகரத் தெருக்களில் நீர் தேங்காதிருக்க, அதே மட்டம் தாழ்ந்திருக்க வேண்டும். மதகைத் திறப்பதும் மூடுவதும் மீன் வளர்ப்போர் கையில் இல்லை.